கூட்டுறுதியும் கரைவலையும்

பலர் ஒரே காலத்தில் ஒரே செயலைச் செய்தல் மட்டும் கூட்டுறவு ஆகிவிடாது. ஒரே வீதியில் தற்செயலாக ஓடும் இரு வண்டிகள் வேறு. இணைந்து செல்ல உடன்பட்டு ஓடும் இரு வண்டிகள் வேறு. இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டி, லெவெக், கோஹென், நூனஸ் என்னும் அறிஞர் மூவர், செயற்கை நுண்ணறிவு முகவர்களின் கூட்டுறுதிக்கு 1990இல் இலக்கணம் வகுத்தனர். முகவர் எனப்படுவது, சூழலை அறிந்து தானே முடிவு செய்து இயங்கும் கணினி நிரலாகும்.

அவர்தம் கொள்கையின் சாரம் வருமாறு: மேற்கொண்ட குறிக்கோள் நிறைவேறிற்று, அல்லது நிறைவேறாது, அல்லது இனி வேண்டப்படாது என அனைவரும் ஒருங்கே அறியும்வரை எவரும் அதனைக் கைவிடலாகாது. ஒருவர் மட்டும் இதனை முன்னறிவாராயின், மற்றையோர்க்கு உணர்த்துதல் அவர் கடன்.

இக்கொள்கையை உரைத்துப் பார்ப்பதற்குப் புத்தளம் மாவட்டத்து உடப்புக் கரையின் கரைவலைத் தொழில் தக்கதோர் உரைகல்லாகும். வள்ளத்திற் சென்று அரைவட்டமாக வளைத்த வலையின் இரு கயிறுகளையும் இரு அணியினர் கரையில் நின்று இழுப்பர். ஓரணி முந்தி மற்றையது பிந்தின் வலை கோணும். அம்பாப் பாடலின் தாளம் கைகளை ஒன்றுபடுத்தும். பட்ட மீனின் பயனைச் சம்மாட்டியும் தொழிலாளரும் பங்கிட்டுக்கொள்வர்.

இனி, மீன் படவில்லை என்பது இடைநடுவில் அனைவர்க்கும் தெரிந்துவிட்டதெனக் கொள்வோம். மீன்பிடித்தலே குறிக்கோளாயின், மூவர் வகுத்த இலக்கணப்படி அக்கணமே யாவரும் கடமையினின்றும் நீங்குவர். ஆயின் வலை இன்னும் கடலிலன்றோ கிடக்கின்றது! கரையில் எவரும் கயிற்றை விடார். வலையைக் கரைசேர்த்தலும் குறிக்கோளின் பகுதியே எனச் சிலர் விடை கூறலாம். அவ்விடை, இழுப்பவர் அதனை யாருக்குக் கடன்பட்டுள்ளார் என்னும் வினாவைத் தீர்க்கவில்லை.

இக்குறையை இத்தாலிய அறிஞர் கஸ்ரெல்பிராங்கி 1995இற் பெரிதும் நிரப்பினார். உறுதி என்பது ஒருவர் உள்ளத்து எண்ணம் மட்டுமன்று. ஒருவர் இன்னொருவர்க்கு, ஒரு செயல் குறித்து, சாட்சி முன்னிலையில் ஏற்கும் கடப்பாடு என்பது அவர் துணிபு. வலையுடையவர், இழுப்பவர், அருகே கயிறு பற்றி நிற்பவர் என மூவரும் கரையில் உளராதலின், இக்கருத்தே கரைவலைக்கு அணுக்கமானது. தளர்ந்த கையை அயலவர் கை அறியும்.

முன்னைய இலக்கணம் பயனற்றதன்று. அறிந்ததை மறையாது உணர்த்துக என்னும் அதன் விதி என்றும் வேண்டப்படுவதே. எனினும், அறிவித்தல் கடமையின் முடிவாகாது. பல முகவர்களிடம் ஒரு பணியைப் பகிர்ந்தளிக்கும் இந்நாளில், அவை எதனை எண்ணுகின்றன என்று மட்டும் வினவுதல் போதாது. எவர்க்குக் கடன்பட்டன, எவர் சாட்சி, பணி கைவிடப்படின் கடலிற் கிடக்கும் வலையை எவர் இழுப்பர் என்பனவும் வினவப்படல் வேண்டும்.