மணி அடித்து நடக்கும் பாதை

ஜப்பானில் இலையுதிர் காலத்து நாள் ஒன்றை அதிகச் செலவில்லாமல் நிறைவாகக் கழிக்க, கிசோ பள்ளத்தாக்கில் மகோமேயிலிருந்து த்சுமாகோவுக்கு நடந்தால் போதும். ஏறத்தாழ 8 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். பாதைக்குக் கட்டணம் கிடையாது. நகட்சுகவா ரயில் நிலையத்திலிருந்து மகோமேக்குப் பேருந்து உண்டு. ஏறும் முன் நகட்சுகவாவின் இலையுதிர் காலத்து இனிப்பு இரண்டு வாங்கிக்கொள்ளலாம்: கஷ்கொட்டையை வேகவைத்து மசித்து, சர்க்கரை சேர்த்துத் துணியில் முறுக்கிப் பிடித்தது.

இன்றைய டோக்கியோவான எடோவையும் கியோத்தோவையும் மலைவழியே இணைத்த நகசெண்டோ சாலையின் துண்டு இது. அதன் 69 தங்கல் ஊர்களில் த்சுமாகோ 42ஆவது, மகோமே 43ஆவது. மகோமேயின் கல் பாவிய சரிவுத் தெருவைத் தாண்டினால் சுமார் 800 மீட்டர் உயரத்தில் கணவாய். அப்புறம் பெரும்பாலும் இறக்கம்தான். வழியில் ஆங்காங்கே மணிகள் தொங்கும். கரடி விலகிப்போக ஒருமுறை அடித்துவிட்டு நடக்க வேண்டும். அந்த ஓசை அடங்கியபின் காதில் விழுவது ஓடை நீரும் காலடிச் சருகும் மட்டுமே. நடுவழியில் பழைய தேநீர் வீடு ஒன்றில், கணப்படுப்பின் அருகே உட்கார வைத்துச் சூடாகத் தேநீர் தருகிறார்கள்.

த்சுமாகோ மக்கள் 1971இல் ஓர் உறுதி எடுத்தார்கள்: வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. அதனால்தான் மாலை வெயில் இன்றும் அந்த மரச்சட்ட ஜன்னல்களில் வந்து விழுகிறது. அந்த வெளிச்சத்துக்காகவே இவ்வளவு தூரம் நடக்கலாம்.