நான்காவதாக வந்த பிள்ளைக்கு ஒரு பந்து

100 மீட்டர் இறுதிப் போட்டி முடிந்ததும் மூன்று பேர் மேடைப் பக்கம் போவார்கள். நான்காவதாக வந்த பிள்ளை ஓரமாக உட்கார்ந்து ஸ்பைக்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கும். நெய்வேலி மைதானங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த காட்சி இது. பிளஸ் டூ வந்தால் அந்த ஸ்பைக்ஸ் பரணுக்குப் போய்விடும். மாவட்டத்திலேயே நான்காவது வேகமான கால்கள், பதினேழு வயதில் ஓய்வு பெற்றுவிடும்.

அந்தப் பிள்ளையை ரக்பி செவன்ஸ் பக்கம் அனுப்பிப் பாருங்கள் என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வந்தது.

2016 ரியோவிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கும் ஆட்டம் அது. பக்கத்துக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 5 புள்ளி. பக்கத்துக்குப் பதினைந்து பேர் ஆடும் பெரிய மைதானத்தில் ஏழு பேர்தான் நிற்கிறார்கள். அதனால் ஆளுக்கு ஆள் இடைவெளி அதிகம். அந்த இடைவெளியில் ஓட்டக்காரருக்குத்தான் மதிப்பு.

பீகார் இதை நமக்கு முன்பே கண்டுகொண்டது. பாட்னா மாவட்டத்தின் ஸ்வீட்டி குமாரி தடகளத்தில் ஓடிக்கொண்டிருந்தவர். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் அவரை ரக்பிக்கு அழைத்தார்கள். 2019-ல் பெண்கள் ரக்பிக்கான ஸ்க்ரம்குவீன்ஸ் இணையதளம் அவரை உலக அளவில் அந்த ஆண்டின் இளம் வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது. நியூசிலாந்து இன்னும் திட்டமிட்டுச் செய்தது. 2012-ல் மற்ற விளையாட்டுப் பெண்களை வரவழைத்துத் தேர்வு நடத்தியது. அப்படி நெட்பாலிலிருந்து வந்தவர் போர்ஷியா உட்மன். ரியோவில் வெள்ளி, டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம்.

நமக்கு இன்னொரு பலமும் உண்டு. கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் விடிய விடியக் கபடி ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓடி வருபவரின் தொடையைச் சுற்றி இரு கைகளையும் பூட்டுவதுதான் ரக்பியின் அடிப்படைப் பிடி. தொடைப்பிடி போட்டுப் பழகிய பிள்ளைக்கு அதில் பாதி கைவசம். மீதிப் பாதியைக் கவனமாகச் சொல்லித்தர வேண்டும். கபடியில் பாடி வந்தவரை மூச்சு விடும்வரை அமுக்கிப் பிடிப்போம். ரக்பியில் ஆளைத் தரையில் சாய்த்ததும் விட்டுவிட்டு விலக வேண்டும், விடாவிட்டால் பெனால்டி. தோளுக்கு மேல் கை போகக் கூடாது. பிடிக்கப் போகிறவர் தன் தலையை எதிராளியின் உடலுக்குக் குறுக்கே கொடுக்காமல் பக்கவாட்டில் வைக்க வேண்டும்.

உண்மையில் கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. பந்தைக் கையால் முன்னோக்கி வீசக் கூடாது. பின்னால் வருபவருக்குத்தான் தர வேண்டும். தனி ஓட்டத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கு, பின்னால் ஒருவர் வருகிறார் என்று நம்புவது புதுப் பாடம். முதல் நாட்களில் பந்து கீழே விழும், பிள்ளை முகம் வாடும். அங்கேதான் பயிற்சியாளருக்குப் பொறுமை வேண்டும்.

“உன் விளையாட்டை விட்டுவிட்டு வா” என்று யாரும் கேட்க வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை போதும். முதல் சில வாரங்கள் பிடியே கூடாது. தொட்டால் நிற்கும் டச் ரக்பி மட்டும். அடிபடும் என்று பயப்படும் அம்மாக்களை மைதானத்துக்கே வரச் சொல்லுங்கள், பார்க்கட்டும். வட்டத்துக்கு வட்டம் வெட்டவெளி உள்ள இந்த நகரியத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

பழக்கமில்லாததைக் கற்க முடியுமா என்று கேட்பவர்கள் 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியை நினைத்துப் பார்க்கட்டும். ஈரான் அணியின் ஃபசல் அத்ராச்சலி மல்யுத்தத்திலிருந்து கபடிக்கு வந்தவர். அந்த ஆசியப் போட்டியில் நம் கபடியின் இரண்டு தங்கங்களையும் ஈரான் கொண்டுபோனது. இந்த ஊரும் அப்படித்தான். 1961-ல் நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டபோது, அதை வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரத்தைப் பிறவியிலேயே ஓட்டத் தெரிந்தவர் இங்கே எவரும் இல்லை. வேலைக்கு வந்துதான் கற்றார்கள்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாவட்டப் போட்டியில் மேடையைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, நான்காவதாக வந்த பிள்ளையிடம் போங்கள். ஸ்பைக்ஸைக் கழற்றி முடிப்பதற்குள் போய்விடுங்கள்.