ஹவாலா: சொல்லும் சட்டமும்

நம் மதரஸாக்களில் ஃபிக்ஹு ஓதும் மாணவர் எவரும் ‘பாபுல் ஹவாலா’வைக் கடந்தே செல்ல வேண்டும். அதே சொல் இன்று நாளிதழ்களில் கள்ளப்பணத்துக்கு மறுபெயராகிவிட்டது. 1990களில் ஜெயின் ஹவாலா வழக்கு நாடெங்கும் பேசப்பட்டபோது வழக்கில் இழுக்கப்பட்டவர்கள் அரசியல்வாதிகள். பழி சுமந்ததோ நம் கிதாபுகளின் சொல்.

இப்பழியைத் துடைக்க முன்வந்த நம்மவர் சிலரின் வாதமும் ஏற்கத்தக்கதன்று. மார்க்கம் ஹவாலாவை அனுமதித்துள்ளது; ஆகவே வளைகுடாவிலிருந்து உண்டியலில் பணம் வருவதைத் தடுக்கும் சட்டம் நமக்கு எதிரானது என்கின்றனர். கிதாபைத் திறந்தால் இவ்வாதம் நிற்பதில்லை.

ஹவாலா என்பது ஒருவர் மீதுள்ள கடனை மற்றொருவர் பொறுப்புக்கு மாற்றுவது. வசதியுள்ளவர்மீது கடன் மாற்றப்பட்டால் அதை ஏற்க வேண்டும் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளிய ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில் இரு கடன்களும் அளவாலும் தன்மையாலும் ஒத்திருக்க வேண்டும். அறியப்பட்டவையாகவும் இருக்க வேண்டும். துபாயில் திர்ஹம் வாங்கி ஊரில் ரூபாய் கொடுப்பதில் அந்த ஒப்புமை எங்கே? அது நாணயமாற்று, ‘ஸர்ஃபு’டைய பாடத்தில் சேர்வது. வழிப்பறிக்கு அஞ்சி ஓரூரில் கொடுத்து வேறோர் ஊரில் பெறும் ‘ஸுஃப்தஜா’ இதற்குச் சற்று நெருக்கமானது. அதையும் நிபந்தனையிட்டுச் செய்வதை ஹனஃபீ, ஷாஃபிஈ அறிஞர்கள் ஒப்பவில்லை.

மேலும், பெயரை வற்புறுத்துவோர் அதன் விளைவையும் ஏற்க வேண்டுமன்றோ? ஷாஃபிஈ சட்டப்படி ஹவாலா நிறைவேறியபின், பொறுப்பேற்றவர் நொடித்துப் போனாலும் முதல் கடனாளியிடம் திரும்பிக் கேட்க உரிமையில்லை. உள்ளூர் ஆள் கைவிரித்துவிட்டால் துபாய் வியாபாரியை விட்டுவிட இவர்கள் ஆயத்தமா?

அரசு இத்தொழிலை என்றும் பகைத்ததன்று. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், கீழை மொழிகளில் எழுதப்பட்ட ஆவணங்கள்பற்றிய உள்ளூர் வழக்கங்களுக்கு ஊறு செய்யாமல் விட்டது. உண்டியல் அவ்வாறு பிழைத்தது. 1973இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் சிறைத் தண்டனையோடு வந்தது. அதனிடத்தில் வந்த 1999ஆம் ஆண்டுச் சட்டம் தன்மையில் மென்மையானதே. எனினும் அனுமதி பெற்றவர் வாயிலாகவன்றி வெளிநாட்டவர் சார்பில் பணம் பெறுவதும் அதன்படி குற்றம். தொகையின் மூன்று மடங்குவரை அபராதம் விதிக்கலாம். மகன் அனுப்பியதை வாசலில் வாங்கிக்கொள்ளும் தாயும் இதற்குள் அடங்குவார் என்பதை நம் குடும்பங்களில் எத்தனை பேர் அறிவர்?

இனிச் சட்டத்தின்மீது என் குறையைச் சொல்கிறேன். மீஞ்சூர், அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலை செய்யும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் கடைத்தெருவில் பணம் கட்டி ஊருக்கு அனுப்புகின்றனர். இதற்கு ரிசர்வ் வங்கி 2011இல் வகுத்த முறையில், வங்கிக் கணக்கில்லாதவர் ஒரு தடவைக்கு 5,000 ரூபாயும் மாதத்துக்கு 25,000 ரூபாயும் கட்டலாம் என்றிருந்தது. 2024 நவம்பர் 1 முதல் சரிபார்த்த கைப்பேசி எண், அடையாள ஆவணம், அனுப்பும் ஒவ்வொரு முறையும் மேலுமொரு சரிபார்ப்பு ஆகியவை கட்டாயமாயின. பெயர் கேட்பது தவறன்று. அறியாமையை நீக்குவதே ஃபிக்ஹின் நோக்கமும். ஆனால் எண்ணை மாற்றிவிட்ட கூலியாளின் 2,000 ரூபாய் வரிசையில் நின்றுபோகிறது.

மறுபுறம் மெய்நிகர் நாணயத்தைப் பாருங்கள். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி அதற்கு வங்கிச் சேவையை மறுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் பெங்களூரில் ரொக்கம் வாங்கும் பிட்காயின் இயந்திரம் ஒன்று வைக்கப்பட்டது. போலீசார் அதைக் கைப்பற்றினர். 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரிசர்வ் வங்கியின் தடையை நீக்கியது. 2022இல் இலாபத்துக்கு 30 சதவீத வரி வந்தது. அதை விற்று வாங்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளரை அறிந்து அறிக்கை தரவேண்டும் என்ற கடமையோ, பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2023 மார்ச்சில்தான் வந்தது. வரி கேட்க வந்த அரசு, ஆளை அறியச் சொல்வதற்கு ஓராண்டு தாமதித்தது! கூலியாளின் 5,000த்துக்கு அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வரம்பு எழுதிவிட்டார்கள்.