ஆர்க்பார்ஸ்: கட்டளை வரிக் கருவிகளின் ஒழுங்கும் தமிழும்

ஆர்க்பார்ஸ் என்பது பைத்தான் நிரல்மொழியுடன் சேர்ந்தே வரும் ஒரு நிரலகம். முனையத்தில் பயனர் தட்டச்சிடும் கட்டளையைப் பிரித்து, எது கோப்பின் பெயர், எது விருப்பத்தேர்வு, எது எண் என்று அறிந்து நிரலிடம் ஒப்படைப்பது இதன் பணி. ஸ்டீவன் பெத்தார்ட் எழுதிய இந்நிரலகம் 2010இல் பைத்தான் 2.7 பதிப்பிலும் 2011இல் 3.2 பதிப்பிலும் செந்தர நிரலகங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இதற்கு முன் கெட்ஆப்ட், ஆப்ட்பார்ஸ் ஆகிய இரண்டும் அங்கே இருந்தன. 2014இல் ஆர்மின் ரோனாக்கர் வெளியிட்ட கிளிக் இதன் முதன்மையான போட்டியாளர். அதைத் தனியாக நிறுவ வேண்டும். ஆர்க்பார்ஸை நிறுவ வேண்டியதில்லை. இணைய இணைப்பு இல்லாத ஆய்வகக் கணினியில் இந்த வேறுபாடு சிறியதன்று.

பாடத்திட்டம் நிறுத்திய இடம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 ஒழுங்குமுறைகளில் முதல் பருவத்துப் பைத்தான் பாடத்தின் ஐந்தாம் அலகில் கட்டளை வரி உள்ளீடுகள் ஒரு தலைப்பாக உள்ளன. சொற்களை எண்ணுதல், கோப்பை நகலெடுத்தல் ஆகியவை அதே அலகின் எடுத்துக்காட்டு நிரல்கள். பெரும்பாலான வகுப்பறைகளில் இத்தலைப்பு சிஸ் ஆர்க்வி என்னும் பட்டியலோடு முடிந்துவிடுகிறது: முதல் இடத்தில் இருப்பது மூலக் கோப்பு, இரண்டாம் இடத்தில் இருப்பது நகல். தேர்வுக்கு அது போதும்.

புதுவாயல், கவரப்பேட்டை வட்டாரக் கல்லூரிகளிலிருந்து நெடுஞ்சாலையில் சில ஊர்களைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. அப்படியொரு கல்லூரியில் படித்த ஒருவர், எந்திரங்கள் எழுதும் பதிவுக் கோப்புகளைத் தொகுக்க ஒரு சிறு நிரல் எழுதுவதாகக் கொள்வோம். பகல் ஷிப்டில் அவரே இயக்குவார். இரவு ஷிப்டில் இயக்குபவர் வேறு ஆள். அவர் இரண்டு கோப்புப் பெயர்களையும் இடம் மாற்றித் தட்டச்சிட்டால், நிரல் அசல் பதிவை எழுதுவதற்காகத் திறக்கும். திறந்த கணத்திலேயே அது வெறுமையாகிவிடும். பட்டியலின் இட எண்ணை மட்டும் நம்பிய நிரலுக்கு இதைத் தடுக்க வழியில்லை.

ஆர்க்பார்ஸின் வலிமை இங்கே தெரிகிறது. உள்ளீடு ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டலாம், சிலவற்றைக் கட்டாயமாக்கலாம். ஹெல்ப் என்று கேட்டால், நிரலாளர் தனியாக ஒரு வரி எழுதாமலே பயன்பாட்டுக் குறிப்பு வருகிறது. தவறான உள்ளீடு வந்தால் செய்தி பிழை வெளியீட்டுத் தடத்துக்குச் செல்கிறது. நிரல் 2 என்னும் வெளியேற்ற எண்ணோடு நிற்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. கையால் எழுதிய நிரல் பிழையை அச்சிட்டுவிட்டு 0 என்னும் எண்ணோடு வெளியேறினால், அதை அழைத்த ஷெல் நிரல்தொடர் எல்லாம் நலம் என்று எண்ணி அடுத்த வேலைக்குப் போய்விடும். பத்துக் கருவிகளைப் பத்துப் பேர் எழுதினாலும் அவை ஒரே முறையில் தோல்வியடைவது பெரிய வசதி.

குறைகள்

புதியவரை ஏமாற்றும் பொறிகளும் உண்டு. உள்ளீட்டின் வகையாக பூல் என்று கொடுத்தால், பயனர் ஃபால்ஸ் என்று தட்டச்சிட்டாலும் நிரல் அதை உண்மை என்றே கொள்ளும். வெறுமையற்ற எந்தச் சரமும் பைத்தானுக்கு உண்மைதான். விருப்பத்தேர்வின் பெயரைச் சுருக்கி எழுத இயல்பாகவே இடம் கொடுப்பது இன்னொன்று. இன்று வேலை செய்யும் சுருக்கம், நாளை அதே எழுத்துகளில் தொடங்கும் வேறொரு விருப்பத்தேர்வு சேர்ந்ததும் குழப்பப் பிழையாகிவிடும். இதை நிறுத்தும் வசதி 3.5 பதிப்பில்தான் வந்தது. கோப்பைத் தானே திறந்து தரும் ஃபைல்டைப் வசதி, எழுதும் முறையில் கேட்டால், உள்ளீடுகளைச் சரிபார்க்கும் கட்டத்திலேயே கோப்பை வெறுமையாக்கிவிடும். மேலே சொன்ன இரவு ஷிப்டின் விபத்துக்கு நிரலகமே கதவு திறந்துவிட்டது போல. 3.14 பதிப்பில் அது கைவிடத்தக்கது என அறிவிக்கப்பட்டது காலம் கடந்த நற்செயல்.

தமிழில் குறிப்பு எழுத விரும்புவோருக்குக் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆர்க்பார்ஸ் தமிழ்ப் பெயர்களை மறுப்பதில்லை. இரட்டைக் கோட்டுக்குப் பின் கோப்பு என்று தமிழிலேயே விருப்பத்தேர்வு அமைக்கலாம். குறிப்பை நிரல்நிரையாக அடுக்கும்போதுதான் சிக்கல். அது நீளத்தை யூனிகோடு குறியீடுகளின் எண்ணிக்கையால் அளக்கிறது. கட்டளை என்ற சொல்லுக்குத் தமிழறிந்தவர் எண்ணினால் நான்கு எழுத்து. பைத்தான் எண்ணினால் ஆறு. புள்ளியும் ஐகாரக் குறியும் தனித்தனியே கணக்கில் சேர்கின்றன. முனையம் திரையில் ஒதுக்கும் கட்டங்கள் இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது கணக்கு; அது முனையத்துக்கு முனையம் மாறவும் செய்யும். விளைவு, இடப்பக்கம் தமிழ்ச் சொற்கள் வந்தால் வலப்பக்க விளக்கங்கள் படிக்கட்டுப் போலக் கோணுகின்றன. முத்து அண்ணாமலை முன்னின்று உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நிரலகத்தைக் கொண்டு சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கலாம் என்றாலும், எழுத்தெண்ணிக்கை திரையகலம் ஆகாது என்பதால் அது பாதி மருந்துதான்.

ஒகரக் குறி இன்னும் நுட்பமானது. அதை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே. ஆர்க்பார்ஸ் இரண்டையும் ஒப்பிடும் முன் ஒருமுகப்படுத்துவதில்லை. ஆகவே பயனர் சரியாகத் தட்டச்சிட்ட சொல்லையே அறியாத சொல் என்று தள்ளிவிடக்கூடும்.

பிழைச் செய்திகளை மொழிபெயர்க்க கெட்டெக்ஸ்ட் வழியாக இடம் விடப்பட்டுள்ளது. ஆனால் மொழிபெயர்ப்புக் கோப்பு எதுவும் பைத்தானோடு வருவதில்லை. நிரலாளர் விளக்கத்தை எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும், ஓர் உள்ளீடு விடுபட்டதும் திரையில் வருவது ஆங்கிலம். குறிப்பை நிதானமாக இருக்கும்போது படிக்கலாம்; பிழைச் செய்தியைப் படிக்கும் நேரம் அப்படிப்பட்டதன்று. அந்தச் சில பத்து வாக்கியங்களைத் தமிழாக்குவது கல்லூரி மாணவர் குழு ஒன்று ஒரே பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை. விருப்பத்தேர்வின் பெயர்களை இப்போதைக்கு ஆங்கில எழுத்திலும், விளக்கத்தையும் பிழைச் செய்தியையும் தமிழிலும் வைப்பதே கோணாத அமைப்பு.