நாணயத்துக்குத் தலைவர் இல்லை, சங்கத்துக்கு உண்டு

பிட்காயினுக்கு அலுவலகம் கிடையாது, செயலவை கிடையாது, ஆண்டுக் கூட்டமும் கிடையாது. அதன் கணக்கேடு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே சமயத்தில் இருக்கிறது. விதியை மாற்ற வேண்டுமானால் அந்தக் கணினிகளை ஓட்டுகிறவர்கள் புதிய மென்பொருளை ஏற்றுக்கொள்ள வேண்டும். யாரையும் நம்பத் தேவையில்லை என்பதுதான் அதன் பெருமை. அப்படிப்பட்ட நாணயத்துக்கும் 2012 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு சங்கம் பிறந்தது. பிட்காயின் அறக்கட்டளை என்று பெயர். மென்பொருளைப் பராமரிக்கிறவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும், அரசாங்கங்களிடம் பிட்காயினுக்காகப் பேசுவதும் அதன் வேலை.

நாணயத்தின்மேல் இந்தச் சங்கத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஒரு காசை அச்சிடவோ ஒரு பரிமாற்றத்தை நிறுத்தவோ அதனால் முடியாது. ஆனால் வெளியே இருந்தவர்களுக்கு அது அப்படித் தெரியவில்லை. 2013இல் கலிபோர்னியா மாநிலத்தின் நிதி நிறுவனங்கள் துறை, உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் நடத்துவதாக ஐயப்பட்டு, அதை நிறுத்தச் சொல்லி இந்த அறக்கட்டளைக்குக் கடிதம் அனுப்பியது. பிட்காயின் வாங்கி விற்கும் தொழிலையே செய்யாத சங்கத்துக்கு அந்தக் கடிதம்! அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க செனட் குழு ஒன்று மெய்நிகர் நாணயங்களைப் பற்றி விசாரித்தபோது, சாட்சி சொல்லப் போனவர் அறக்கட்டளையின் சட்ட ஆலோசகர் பேட்ரிக் மர்க். பெயரை வைத்துக்கொண்டிருப்பவனே வீட்டுக்காரன் என்று ஊர் நினைத்துவிடுகிறது. இந்த வகை அமைப்புகளின் அதிகாரம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அதனால் அதற்கு எல்லை போடுவதும் சிரமம்.

காகிதத்தில் எல்லைகள் இருந்தன. நிறுவனர்கள், தொழில் நிறுவனங்கள், தனிநபர்கள் என உறுப்பினர்களை வகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் இயக்குநர் குழுவில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். துணைவிதிகள் வெளியிடப்பட்டன, தேர்தல் நடந்தது. பெரிய பணக்காரர் சின்ன உறுப்பினரை விழுங்கிவிடக் கூடாது என்கிற நல்ல எண்ணம் அந்த அமைப்பில் தெரிகிறது. முதன்மை விஞ்ஞானியாக இருந்த கேவின் ஆண்ட்ரசனுக்குச் சம்பளம் கிடைத்ததையும் குறைவாக மதிப்பிடக் கூடாது. பல கோடி டாலர் புழங்கும் ஒரு மென்பொருளை அதுவரை ஊதியமில்லாத தன்னார்வலர்களே தாங்கிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கொடுக்கிறவருக்குச் சம்பளம் வாங்குகிறவரிடம் செல்வாக்கு வராதா என்று அப்போதே கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். ஆனாலும் பசியோடு வேலை செய்யச் சொல்வது அதற்குப் பதிலாகாது.

பழுது வேறிடத்தில் இருந்தது. தொழில் நிறுவனங்களுக்கான இடங்களில் உட்கார்ந்திருந்தவர்களில் இருவர்: பிட்இன்ஸ்டன்ட் நிறுவனத்தின் சார்லி ஷ்ரெம், மவுண்ட் காக்ஸ் சந்தையின் மார்க் கார்ப்பலெஸ். 2014 ஜனவரியில் ஷ்ரெம் கைதானார், பதவி விலகினார். அடுத்த மாதம் மவுண்ட் காக்ஸ் கவிழ்ந்தது. 8,50,000 பிட்காயின் காணவில்லை என்றது நிறுவனம். கார்ப்பலெஸும் விலகினார். சில வாரங்களுக்குள் இரண்டு இடமும் காலியாகிவிட்டன. நம்மூரில் கோயில் பொறுப்பில் சிக்கலுக்கு ஆளானவர்கள் எத்தனை வருடம் நாற்காலியை விடாமல் பிடித்திருந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் விலகல் நடந்தது வெளியிலிருந்து காவல்துறையும் கடன்காரர்களும் வந்த பிறகு. சந்தை நடத்துகிறவர் அந்தச் சந்தையைக் கண்காணிக்கச் சொல்லும் சட்டத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் இருப்பது சரியா என்பதை உள்ளே எந்த விதியும் முன்கூட்டி உரக்கக் கேட்கவில்லை.

பணமும் கரைந்தது. உறுப்பினர் கட்டணமும் நன்கொடையும் பெரும்பாலும் பிட்காயினாகவே வந்தன. 2013 நவம்பரில் 1,100 டாலரைத் தாண்டிய அதன் விலை 2015 ஜனவரியில் 200 டாலருக்கும் கீழே இறங்கியது. செலவு மட்டும் டாலரில் ஓடிக்கொண்டிருந்தது. 2015 தேர்தலில் வாக்களிப்பையே பிளாக்செயினில் நடத்திப் பார்க்க முயன்று, குழப்பமாகி, பழைய இணைய முறைக்குத் திரும்பினார்கள். அந்தத் தேர்தலில் தனிநபர் உறுப்பினர்கள் அனுப்பிவைத்த ஒலிவியே யான்சென்ஸ், பதவிக்கு வந்த கையோடு ஏப்ரலில் உண்மையை வெளியே போட்டார்: அறக்கட்டளை ஏறக்குறைய திவாலாகிவிட்டது, ஊழியர்கள் பெரும்பாலோரை வைத்துக்கொள்ளப் பணமில்லை. ஆண்ட்ரசனும் வேறு சிலரும் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்குப் போனார்கள்.

இந்தச் சங்கத்தின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது யான்சென்ஸ் செய்ததுதான். துணைவிதியில் எழுதப்பட்ட எந்தக் கட்டுப்பாட்டையும்விட, சின்ன உறுப்பினர்களின் வாக்கால் உள்ளே வந்த ஒரு முரண்டுக்காரர் அதிகம் செய்தார். தேர்தல் என்ற நடைமுறையின் பலம் அதில் தெரிகிறது. பலவீனமும் அதே இடத்தில்தான்: யான்சென்ஸும் அவரோடு வென்ற ஜிம் ஹார்ப்பரும் அந்த வருடம் முடியும்போது குழுவில் இல்லை. கணக்கைக் காட்டியவர் வெளியே, கணக்கு உள்ளே.

இதையெல்லாம் மலேசியாவின் கெடா மாநிலத்துக் கூலிமில் உட்கார்ந்து எழுத ஒரு காரணம் உண்டு. முகம் தெரியாத பல ஆயிரம் பேரிடம் சிறுசிறு தொகையாகச் சேர்த்து, அவர்கள் பெயரால் ஒரு பெரிய காரியம் செய்வது எப்படி என்ற கேள்விக்கு இந்த மாவட்டம் ஏற்கெனவே ஒரு பதில் பார்த்திருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் லயத்து வீடும் ஒன்றாகப் போயின. தோட்டத் துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே அந்தத் தலைமுறைக்கு வயிறு கலங்கும். அப்போது மலேசிய இந்தியர் காங்கிரஸ் என்னும் ம.இ.கா. கட்சியின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளி, பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்தார். சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் கூலிம் வட்டாரத்துப் புக்கிட் சீடிம்.

அதிகாரக் கட்டுப்பாடு என்ற கண்ணோடு பார்த்தால் அந்தத் தொடக்கம் பயமுறுத்துகிறது. கட்சித் தலைவர், அமைச்சர், சங்கத்தின் உயிர்நாடி மூன்றும் ஒரே மனிதர். இன்று ஒரு கிரிப்டோ அமைப்பு அப்படி அமைந்தால் முதல் பத்தியிலேயே குறை சொல்லி எழுதுவோம். ஆனால் சங்கம் நின்றது. சம்பந்தனின் நேர்மையே காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது முக்கால் உண்மை. மீதியைக் கூட்டுறவுச் சட்டம் செய்தது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். வெளியே ஒரு பதிவாளர் இருந்தார், கணக்கு அவருக்குப் போயாக வேண்டும். இன்னொன்று, சொத்து கண்ணுக்குத் தெரிந்தது. ஐந்தொகை படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் பால்மரம் நிற்கிறதா, பால் நிறுக்கிறார்களா என்று தெரியும். குறையும் இல்லாமலில்லை. 1979இல் சம்பந்தன் மறைந்த பின்னும் தலைமை மிகச் சிலரிடமே நெடுங்காலம் தங்கியது. பேராளர்கள் வழியாக நடக்கும் கூட்டத்தில் சாதாரண உறுப்பினரின் குரல் மேடைவரை எட்டுவது அரிது.

அடுத்த முயற்சியில் இந்தத் தடுப்புகளை விட்டுவிட்டார்கள். 1982இல் ம.இ.கா. முன்னின்று தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் 66,000க்கும் மேற்பட்ட இந்தியர்களிடம் ஏறத்தாழ 10 கோடியே 60 லட்சம் ரிங்கிட் திரட்டியது. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய குடும்பங்கள் உண்டு. அது கூட்டுறவுச் சங்கமல்ல, கம்பெனி. ஆகவே ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது போயிற்று. பங்குச் சந்தையிலும் அது பட்டியலிடப்படவில்லை, அதனால் பிடிக்காதவர் விற்றுவிட்டுப் போகவும் வழியில்லை. 1990இல் அரசு ஒதுக்கிய 1 கோடி டெலிகாம் பங்குகளில் 10 லட்சம்தான் மைக்காவுக்கு வந்தது. மீதி 90 லட்சம் வேறு மூன்று கம்பெனிகளுக்குப் போனது. அதை ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. அப்போதைய ம.இ.கா. தலைவர் சாமிவேலு குற்றச்சாட்டை மறுத்தார், அவர்மீது வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை. 2010இல் ஒரு நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 80 சென் கொடுத்து வாங்க முன்வந்தபோது, 28 வருடத்துக்கு முன் 1 ரிங்கிட் போட்டவர்கள் அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்தால் பிட்காயின் அறக்கட்டளையின் தோல்வி சின்னதாகத் தோன்றும். அது திவாலானபோது பிட்காயினுக்கு எதுவும் ஆகவில்லை. சம்பளக்காரர்கள் வேறிடம் போனார்கள், மென்பொருள் தொடர்ந்தது. விலக விரும்பிய உறுப்பினர் கட்டணத்தை மட்டும் இழந்தார். கிரிப்டோ ஆர்வலர்கள் இதைத்தான் தங்கள் முறையின் வெற்றியாகக் காட்டுகிறார்கள்: அமைப்பு கெட்டால் உதறிவிட்டுப் போகலாம், எனவே அமைப்புக்குக் கடிவாளம் தேவையில்லை. பாதிதான் ஒப்புக்கொள்வேன். விலகும் உரிமை, போவதற்கு இடமும் எடுத்துக்கொண்டு போகப் பொருளும் உள்ளவருக்குத்தான் பயன்படும். புக்கிட் சீடிமில் சங்கம் சரிந்திருந்தால் தோட்டக்காரர் எங்கே போயிருப்பார்? மைக்காவின் பங்குதாரர் போக நினைத்தும் கதவில்லை. பிட்காயினுக்குப் பிறகு வந்த அமைப்புகள் பலவற்றில் நிலைமை மைக்காவுக்குத்தான் நெருக்கம், ஏனென்றால் அங்கே பணமெல்லாம் அமைப்பின் கையிலேயே இருக்கிறது.

டெசோஸ் என்ற கிரிப்டோ நாணயம் அதற்கு உதாரணம். 2017 ஜூலையில் 23 கோடியே 20 லட்சம் டாலர் திரண்டது. நிறுவனர்களான ஆர்தர், கேத்லீன் பிரெய்ட்மன் தம்பதி அந்தப் பணத்தைத் தொடக் கூடாது என்று சுவிட்சர்லாந்தில் தனி அறக்கட்டளை அமைத்து, அதன் தலைவராக யோஹான் கெவர்ஸை உட்காரவைத்தார்கள். சில மாதங்களிலேயே தம்பதிக்கும் தலைவருக்கும் பகை மூண்டது. 2018 பிப்ரவரியில் கெவர்ஸ் விலகும்வரை பணம் போட்டவர்கள் வேடிக்கைதான் பார்க்க முடிந்தது, ஏனென்றால் அந்நாட்டுச் சட்டப்படி அறக்கட்டளைக்கு உறுப்பினர்களே கிடையாது. நிறுவனரின் அதிகாரத்துக்கு எல்லை போட்டார்கள், அந்த எல்லையைக் காப்பவருக்கு எல்லை போட மறந்தார்கள்.

ஈத்தரியம் அறக்கட்டளை இன்னும் நேர்மையான உதாரணம். 2025 ஜனவரியில் தலைமை மாற்றம் பற்றிச் சர்ச்சை எழுந்தபோது, புதிய தலைமையை முடிவுசெய்வது தான்தான், முறையான குழு அமையும்வரை அப்படித்தான் என்று ஈத்தரியத்தின் நிறுவனர்களில் ஒருவரான விடாலிக் புடேரின் பகிரங்கமாகச் சொன்னார். பத்து வருடத்துக்குப் பிறகும் ஒரே மனிதரா என்று கேட்கலாம். ஆனால் யார் முடிவெடுக்கிறார் என்பதாவது எல்லாருக்கும் தெரிந்தது. ஆர்பிட்ரம் என்ற கிரிப்டோ வலையமைப்பில் 2023இல் நடந்தது அதைவிட மோசம். அங்கே காசு வைத்திருப்பவர்கள் வாக்களித்து முடிவெடுப்பதாக ஏற்பாடு. 75 கோடி காசுகளை அறக்கட்டளைக்கு ஒதுக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, அதில் ஒரு பகுதியை அறக்கட்டளை செலவிடத் தொடங்கிவிட்டது தெரியவந்தது. வாக்கெடுப்பு வெறும் ஒப்புதலுக்குத்தான் என்று விளக்கம் வேறு. எதிர்ப்பு கிளம்பவே பின்வாங்கினார்கள்.

கூலிம் ஹை-டெக் பார்க்கில் வேலை செய்யும் பிள்ளைகளில் பலர் கைப்பேசியில் பிட்காயின் வைத்திருக்கிறார்கள். மலேசியாவில் 2019 ஜனவரி முதல் இத்தகைய காசுகள் பங்குப் பத்திரச் சட்டத்தின்கீழ் வந்துவிட்டன. சந்தை நடத்துகிறவர் பத்திர ஆணையத்திடம் பதிய வேண்டும். ஆனால் நாளை இந்தப் பிள்ளைகள் கூடி ஒரு கிரிப்டோ ஆர்வலர் சங்கம் தொடங்கினால், அவர்களை ஆளப்போவது 1966ஆம் வருடச் சங்கச் சட்டம், கோயிலுக்கு உள்ள அதே சட்டம். ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கணக்கோடு அறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். பதிவிலாகாவின் கை சின்னதல்ல: 2013இல் நடந்த ம.இ.கா. கட்சித் தேர்தலை அடுத்த வருடம் செல்லாதென்று சொல்லி மறுதேர்தல் நடத்தச் சொன்னது. அந்தக் கை ஆளுங்கட்சி பக்கம் சாயுமா என்ற சந்தேகம் இங்கே எப்போதும் உண்டு, அதுவும் நியாயமான சந்தேகம்தான்.

தொழில்நுட்பமும் ஒரு கருவி தருகிறது. பணப்பையைத் திறக்க ஐந்து சாவியில் மூன்று சேர வேண்டும் என்று அமைக்கலாம். நம் சங்கங்களில் காசோலைக்குத் தலைவர், பொருளாளர் இருவர் கையெழுத்தும் கேட்பது போலத்தான், அதைவிட உறுதியாக. பொருளாளர் ஓடிவிட்டாலும் பணம் ஓடாது. ஆனால் பிட்காயின் அறக்கட்டளையின் பணத்தை யாரும் திருடிக்கொண்டு போகவில்லை. சேமிப்பை ஏறி இறங்கும் நாணயத்திலேயே வைத்துக்கொண்டு, வருமானத்துக்கு மேல் செலவழித்தார்கள். மூன்று சாவிக்காரர்களும் ஒத்துப்போயிருந்தால் அது அப்படியே நடந்திருக்கும். அந்த இடத்தில் தேவைப்படுவது பழைய கூட்டுறவு விதிகள்: ஒருவருக்கு ஒரு வாக்கு, நிறுவனர் இடத்துக்குக் காலவரம்பு, அடுத்த ஒரு வருடச் செலவுக்கு உரிய தொகை ரிங்கிட்டில், சந்தை நடத்துகிறவருக்குச் செயலவையில் இடமில்லை, குறிப்பிட்ட எண்ணிக்கை உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் செயலவையைக் கேட்காமலே சிறப்புக் கூட்டம். கணக்கை வெளியிட்ட செயலவை உறுப்பினரை நீக்க வேண்டுமானால் அந்தக் கூட்டத்துக்குத்தான் அதிகாரம் இருக்க வேண்டும். அவருடன் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கு இருக்கக் கூடாது.