நிரந்தரம் எத்தனை நாள்?

மறையூர்ப் பக்கம் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது பையனைப் பற்றி ஒரு கேள்வி தப்பாமல் வரும். "மாப்பிள்ளை பெர்மனென்ட்டா?" கேட்கிறவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தலையாற்றில் தொடங்கி மூணாறு வரை மலையைப் போர்த்திக் கிடக்கும் தேயிலை எஸ்டேட்டுகளில் அந்த ஒரு சொல்லுக்குள் எஸ்டேட் கொடுக்கும் லைன் வீடு, பி.எஃப்., கிராஜுவிட்டி, எஸ்டேட் ஆஸ்பத்திரி எல்லாம் அடக்கம்.

அந்த பெர்மனென்ட்டுக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. ஓய்வு பெறும் நாளில் வேலை போகும். குடும்பத்தில் வேறு யாரும் எஸ்டேட்டில் இல்லையென்றால் லைன் வீட்டையும் விட வேண்டும். முப்பது, நாற்பது வருஷம் நிரந்தரமாக இருந்தவர் சட்டி பானையை மூட்டை கட்டிக்கொண்டு உடுமலையில் வாடகை வீடு தேடுவார். சொல் பொய் சொல்லிவிட்டதா, நாம்தான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டோமா?

முடிவில்லாக் காலத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்று சொல்வதை மற்றொன்று சொல்லாது. 'எடர்னல்' காலக்கணக்குக்கு அப்பாற்பட்டது. கடவுளுக்கும் ஆன்மாவுக்கும் உரியது. 'பெர்ப்பெச்சுவல்' விடாமல் தொடர்வது. 'ஃபாரெவர்' வாக்குக் கொடுப்பவரின் உணர்ச்சி. 'பெர்மனென்ட்' இப்போதைக்கு மாற்றும் உத்தேசம் இல்லை என்ற அளவில் நிற்பது. 'இன்டெஃபனிட்' இவற்றில் சேராத ஆள். முடிவு உண்டு, தேதிதான் குறிக்கவில்லை என்பது அதன் பொருள். நாம் அதைக் 'காலவரையற்ற' என்று பெயர்த்தோம். அதனால்தான் காலவரையற்ற உண்ணாவிரதம் நாலாம் நாள் பழச்சாற்றோடு முடியும்போது யாரும் ஏமாந்ததாக நினைப்பதில்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டத் தொழிலாளர் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், நாள் குறிக்காமல்தான் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் கேட்டு வாங்கிக்கொண்டு ஒன்பதாம் நாள் எழுந்தார்கள். முடிவைச் சொல்லாமல் விட்டதே அவர்களுக்குப் பலம்.

இந்த வேறுபாடுகளைக் காத்து வைத்திருப்பது ஆங்கிலத்தின் முதல் நன்மை. சட்டம் எழுதுகிறவனுக்கு அது பெரிய வசதி. அதைவிடக் கெட்டிக்காரத்தனம், 'என்றென்றும்' என்ற சொல்லை அந்த ஊர்ச் சட்டமே நம்பாதது. குத்தகை என்றால் அதற்குக் கால அளவு தெரிய வேண்டும் என்பது இங்கிலாந்தின் பழைய விதி. ஆகவே முடிவில்லாமல் கொடுக்க நினைத்தவர்கள் 999 ஆண்டு என்று எண்ணைப் போட்டார்கள். என்றென்றும் புதுப்பிக்கலாம் என்று எழுதிய பழைய குத்தகைகளை 1922-ஆம் ஆண்டுச் சட்டம் 2000 ஆண்டுக் குத்தகையாக மாற்றியது. முடிவின்மைக்கே கணக்கு எழுதிவிட்டார்கள்!

999 என்ற எண்ணின் வலிமைக்கு மறையூர் இருக்கும் இடுக்கி மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரும் பிரிட்டிஷ் இந்திய அரசும் செய்துகொண்ட பெரியாறு ஒப்பந்தத்துக்கு ஆயுள் 999 ஆண்டு. சுமார் 8000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். அந்த உறுதியை நம்பித்தான் பொறியாளர் பென்னிகுயிக் காட்டுக்குள் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டினார். 1895-இல் தண்ணீர் மதுரைச் சீமைக்குத் திரும்பியது. பத்து, இருபது வருஷக் குத்தகை என்றால் எந்த அரசும் அந்த மலையில் ஒரு கல்லைக்கூட வைத்திருக்காது. கையெழுத்திட்ட இரண்டு அரசுகளும் மறைந்துவிட்டன, ஒப்பந்தம் நிற்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றமும் தமிழ்நாட்டின் உரிமையை ஏற்று, 142 அடி வரை நீர் தேக்கலாம் என்றது.

குறையும் அதே ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. காலத்தை நீட்டியவர்கள் விலையையும் சேர்த்து உறைய வைத்தார்கள். ஐந்து ரூபாய் ஐந்து ரூபாயாகவே எண்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது. கேரளத்தில் இந்த ஒப்பந்தத்தின் மீது உள்ள மனக்கசப்பில் அந்த ஐந்து ரூபாய்க்கும் பங்கு உண்டு. 1970-இல் இரு மாநிலங்களும் உட்கார்ந்து வாடகையை 30 ரூபாயாக்கி, முப்பது வருஷத்துக்கு ஒருமுறை திருத்தலாம் என்று எழுதின. மீன்பிடி உரிமை கேரளத்துக்கும் மின் உற்பத்தி உரிமை தமிழ்நாட்டுக்கும் போயின. 999 என்ற எண் இன்றும் மூச்சு விடுகிறதென்றால் இந்த 30 என்ற எண்ணுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

எண்ணே இல்லாமல் 'பெர்மனென்ட்' என்று மட்டும் எழுதிய கதை இதைவிட மோசம். 1793-இல் வங்காளத்தில் கார்ன்வாலிஸ் கொண்டுவந்த 'பெர்மனென்ட் செட்டில்மென்ட்' 1802-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜமீன்தார் சர்க்காருக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் என்றைக்கும் ஏறாது என்று உறுதி கொடுத்தார்கள். ஜமீன்தாருக்குக் கீழே உழுதவனுக்கு அதே உறுதி கிடைக்கவில்லை. அவனிடம் வாங்கும் தொகை ஏறிக்கொண்டே போனது. மேலே நிரந்தரம், கீழே நித்திய கண்டம். 1948-இல் ஒரு சட்டம் வந்து அந்த நிரந்தரத்தை ஒன்றரை நூற்றாண்டோடு முடித்தது. இந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் 'யாருக்கு?' என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

தமிழில் நாம் வைத்திருந்தது என்ன? கல்வெட்டுகள் 'சந்திராதித்தவர்' என்று சொல்லும். சந்திர சூரியர் உள்ளவரை என்று பொருள். இதுவும் 'ஃபாரெவர்' மாதிரி பெரிய வாய்தான். ஆனால் சோழர் கல்வெட்டுகளில் இன்னொரு தொடர் உண்டு: 'சாவா மூவாப் பேராடு'. கோயிலில் அணையாமல் எரியும் நுந்தா விளக்குக்காகத் தானம் கொடுத்த ஆடுகள் அவை. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும்; குட்டியும் போடும். மந்தையின் கணக்கு குறையாமல் பார்த்துக்கொண்டால் ஆட்டுக்குச் சாவில்லை. நிரந்தரத்தைச் சொல்லில் வைக்காமல் மந்தையில் வைத்திருக்கிறார்கள். தினமும் அளக்க ஓர் உழக்கு, பதில் சொல்ல ஓர் ஆள்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. அந்தப் பொறுப்பு இடையரின் வாரிசுகள் தலையிலும் ஏறியது. பிறக்காத பிள்ளையின் பெயரில் எழுதிய கடன் அது. அந்த விளக்குகளும் இன்று எரியவில்லை. ஆனாலும் என்றென்றும் என்று எழுதுகிறவன் அது எப்படி நடக்கும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்ற அறிவு அந்தக் கல்லில் இருக்கிறது. ஆங்கிலப் பத்திரங்களில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

'நிரந்தரம்' என்ற சொல்லையே பிரித்துப் பாருங்கள். பலர் நினைப்பதுபோல் அது அந்தம் இல்லாதது அல்ல; அந்தம் இல்லாதது அனந்தம். அந்தரம், அதாவது இடைவெளி, இல்லாததுதான் நிரந்தரம். 'பெர்மனென்ட்'டுக்கு இதை மொழிபெயர்ப்பாக வைத்தவர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, தொழிலாளியின் விஷயத்தில் இதுவே சரியான சொல். மறையூரிலிருந்து சின்னாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். அந்தக் கணக்கு எட்டும் முன்பே ஆளை நிறுத்துவதும், கான்ட்ராக்டர் பெயரை மாற்றிப் புதிதாகச் சேர்ப்பதும் தொழில் உலகம் நன்றாக அறிந்த தந்திரம். முதலாளி பயப்படுவது தொடர்ச்சிக்கு. அதனால் தேடுவது இடைவெளியை.

ஆங்கிலச் சொற்கள் முடிவைப் பற்றிக் கவலைப்படுகின்றன. பெரும்பாலான வாக்குறுதிகள் முடிவை எட்டும் முன்பே நடுவில் அறுந்துபோகின்றன. எங்கே முடியும் என்பதைத் துல்லியமாகச் சொல்ல 999 வேண்டும். நடுவில் அறுந்துபோகாமல் காக்க 96 ஆடு வேண்டும். பெரியாறு ஒப்பந்தத்துக்கு இரண்டும் தாமதமாகவாவது வாய்த்தன. லைன் வீட்டுக்காரருக்கு இன்னும் இரண்டும் வாய்க்கவில்லை.

ஆகவே மறையூர்ப் பெண் வீட்டார் கேட்கும் கேள்வி நல்ல கேள்விதான், பாதிக் கேள்வி. "மாப்பிள்ளை பெர்மனென்ட்டா?" என்று கேட்டுவிட்டு, "வீடு யார் பேரில்?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம்.