வாப்பாவும் மகனும்: யூசுப் இஸ்லாமின் ஒரு தொகுப்பை முன்வைத்து

யூசுப் இஸ்லாமை நமது சஞ்சிகைகள் இஸ்லாத்தைத் தழுவிய பிரபலங்களின் வரிசையில் வைத்தே பெரும்பாலும் பேசியுள்ளன. அவரது பாடல்கள் பற்றிய பேச்சு அரிது. கெற் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் 1970 நவம்பரில் அவர் வெளியிட்ட 'டீ ஃபோர் த டில்லர்மேன்' கிராமிய றொக் இசையின் செவ்வியல் தொகுப்புகளில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது.

பெரும் வாத்தியக் குழுவோடு பாடிவந்த அந்த இளம் பொப் பாடகரை 1969இல் காசநோய் மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்தியது. மீண்டெழுந்தவர் ஆரவாரத்தைக் கைவிட்டார். போல் சாம்வெல்-ஸ்மித் தயாரிக்க, அலன் டேவிஸ் கிற்றாரில் துணைநிற்க, குரலை மூடிவிடாத சில வாத்தியங்களோடு தொகுப்பு உருவானது. அட்டை ஓவியமும் அவருடையதே. அமெரிக்காவில் அது முதல் பத்து இடங்களுக்குள் வந்தது.

தொகுப்பின் உச்சம் 'ஃபாதர் அன்ட் சன்'. ரஷ்யப் புரட்சியைப் பற்றிய, மேடையேறாத இசைநாடகமொன்றுக்காக எழுதப்பட்ட பாடல் அது. பொறுத்திரு என்கிறார் தந்தை. போயே தீருவேன் என்கிறான் மகன். தந்தைக்குத் தாழ்ந்த ஸ்தாயி, மகனுக்கு மேல் ஸ்தாயி, பாடுபவர் ஒருவரே. யார் பக்கம் நியாயம் என்று பாடல் தீர்ப்புச் சொல்வதில்லை. தாய் மட்டும் அதில் வாய்திறப்பதேயில்லை. அது அதன் குறை.

1977 இறுதியில் இஸ்லாத்தை ஏற்ற அவர், 1979க்குப் பின் கிற்றாரைத் துறந்தார். 2006இல் 'அன் அதர் கப்' தொகுப்போடு அவர் திரும்பியபோது, துறந்ததைப் புகழ்ந்தவர்களில் ஒரு சாராருக்கு அது உவப்பாயில்லை. 2020இல் பழைய தொகுப்பையே மீளப் பாடினார். அதில் மகனாக ஒலிப்பது 1970இல் பதிவான அவரது இளங்குரல். தந்தையாகப் பாடுபவர் எழுபது கடந்த யூசுப். ஐம்பது வருட இடைவெளியை இவ்வளவு எளிமையாகக் கேட்கச் செய்த பதிவுகள் குறைவு.

வன்னியில் இப்பாடல் தலைகீழாகக் கேட்கிறது. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்தும் நீராவிப்பிட்டியிலிருந்தும் புலிகளால் வெளியேற்றப்பட்ட வாப்பாமார், 2009க்குப் பின் ஊருக்குப் போவோம் என்றார்கள். புத்தளத்தில் பிறந்த மகனுக்கோ அது வாப்பாவின் ஊர். இங்கே போகத் துடிப்பவர் தந்தை, தங்க நினைப்பவன் மகன். நமது இடம்பெயர்வுக் கவிதைகள் பெரும்பாலும் வாப்பாவின் குரலிலேயே பேசுகின்றன; மகனின் மறுப்பை நன்றிகெட்டதனமாகக் காட்டிவிடுகின்றன. அவனுக்கும் சமமான சுருதி கொடுத்து, உம்மாவையும் பேசவிடும் பிரதியொன்றை நம்மவர்கள் எழுத வேண்டும்.